சிங்காரத்துக்கு உடம்பு சரியில்லை

மார்கழி ஐந்தாம் தேதி மாலை ஆறு மணிக்கு இரண்டு கொண்டைக்குருவிகள், இரவுப் பனிக்கு ஒதுங்க இடம் கேட்டு, சிங்காரம் என்ற தொட்டிச் செம்பருத்தியிடம் வந்தன. மலர்க் கண்காட்சி நெருங்குகிறது, இலையில் எச்சம் விழுந்துவிடுமே என்று சிங்காரம் பயந்தது.

"உடம்பு சரியில்லை தம்பி. இன்னொரு நாள் வாங்களேன்."

குருவிகள் பக்கத்து உண்ணிச்செடியின் முள்ளுக்குள் ஒண்டிக்கொண்டன.

விடிந்ததும் இரண்டும் திரும்பி வந்தன.

"அண்ணே, இப்ப தேவலையா?" என்று கேட்ட ஆண்குருவி இலைக்கடியில் எட்டிப் பார்த்தது. "இத்தனை புழு அரிச்சா உடம்பு எப்படி நல்லா இருக்கும்?"

"நீ தொணதொணக்காதே. அவர் தூங்கட்டும்" என்றது பெண்குருவி.

சத்தமில்லாமல் புழுக்களைப் பொறுக்கின. தினமும் வந்தன. அரிபட்ட இலைகள் உதிர்ந்து புது இலைகள் துளிர்த்தன. உண்மையைச் சொல்லச் சிங்காரத்துக்கு வாய் வரவில்லை. தூங்குவதுபோல் இலைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டது.

தை இரண்டாம் தேதி, ஓர் இலையில்கூடப் பூச்சியரிப்பு இல்லாத செடி என்று சிங்காரத்துக்கு முதல் பரிசு கொடுத்தார்கள்.