கழற மறுத்த ரோட்டர்

"என்னங்க, மணி ஒன்பதே முக்கால். இன்னைக்கும் மக்கர் பண்ணுதா?"

வாசலில் கார்ச் சாவியோடு நின்றாள் மனைவி. மூன்று தடவை கோட்டைவிட்டு, நாலாவது தடவை லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. தங்கை வீட்டு வாசலில் தானே காரை ஓட்டிக்கொண்டு போய் இறங்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. ஆனால் அவள் கிளம்பும் நாளாகப் பார்த்துத்தான் அந்த இருபத்தைந்து வயதுக் கார் படுத்துக்கொள்ளும்.

பானெட்டுக்குள் இருந்து கணவர் நிமிர்ந்தார். காரில் ஒரு கீறல் விழுந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இப்போது மூக்கு நுனிவரை கரி.

"டிஸ்ட்ரிபியூட்டர்ல ரோட்டர் தேஞ்சு போச்சும்மா. கழட்டினா வர மாட்டேங்குது. நீ பஸ்ல போயிட்டு வந்துடேன்."

"நீங்க ஓட்டுறப்ப மட்டும் எப்படித்தான் ஓடுதோ!"

"அது என் கைக்குப் பழகினது."

"பழகட்டும். மெக்கானிக்கை வரச் சொல்லிட்டேன்."

சொல்லி வாய் மூடவில்லை, மெக்கானிக் வந்து நின்றான்.

"பிளக்குக்கெல்லாம் கரண்டைப் பங்கு போடுறதே இதுதான் சார். இது இல்லன்னா வண்டி இருமக்கூட இருமாது" என்றபடி அந்தக் கட்டைவிரல் அளவுத் துண்டைப் பிடித்து இழுத்தான். எண்ணெய் விட்டான். இரண்டு பக்கமும் ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பினான். ஊஹூம்.

"இன்னும் நெம்புப்பா! உடைஞ்சாலும் பரவாயில்லை!" என்று கத்தினார் கணவர்.

"உடைஞ்சா வண்டி கிளம்பாதே சார்?"

"கிளம்பாட்டிப் போகுது! எனக்கு அது வெளியே வந்தாகணும்!"

மெக்கானிக் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"இது இந்த ஜென்மத்துல வராது சார்" என்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மாட்டி, பானெட்டைச் சாத்தினான்.

மனைவி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். முதல் திருகலிலேயே கார் உறுமியது. கணவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"ரொம்ப தேங்க்ஸ் தம்பி. நேத்து நீ போட்ட பசை நல்லாவே பிடிச்சிருக்கு. இனிமே நான் கிளம்புறப்பல்லாம் இவர் ரோட்டரைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்க முடியாதுல்ல?"