இலை தூவும் முன்

கோழியை எண்ணெயில் போட்டுவிட்டேன். அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

நான் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிறவன். இந்த வீட்டில் கரண்டி பிடிப்பது என் மனைவி. அவள் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அரை டம்ளர் காபியைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை.

"அவள எப்படியாவது ஒரு வாய் சாப்பிட வைடா." காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அக்கா என்னிடம் சொன்னது இது ஒன்றுதான்.

அதனால்தான் கோழி. என் மனைவிக்கு அது என்றால் உயிர். ஆனால் மேலே கை நிறையக் கொத்தமல்லி தூவியிருக்க வேண்டும். இலை இல்லாவிட்டால் தொடமாட்டாள்.

ஃப்ரிட்ஜில் கொஞ்சம் பீன்ஸ், இரண்டு கேரட், பாதி குடைமிளகாய், ஒரு கொத்துப் புதினா. கிடைத்ததையெல்லாம் நறுக்கிப் போட்டேன்.

கேரட் துண்டுகளுக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒரு சுவரை இந்த லட்சணத்தில் பூசியிருந்தால் வீட்டுக்காரர் என்னை விரட்டியடித்திருப்பார்.

உப்பைக் கண்மதிப்பாகப் போட்டேன். கூடிவிட்டது. ஒரு உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடினேன்.

கூடத்தில் அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று போனேன். பாதியிலேயே திரும்பி வந்து குழம்பைக் கிளறினேன்.

குழம்பு சுண்டி வாசனை வந்தது. பரவாயில்லை, எனக்கே ஆச்சரியம். காலையில் வாங்கிய கொத்தமல்லியைப் பொடியாக நறுக்கித் தூவினேன்.

மேசையில் இரண்டு தட்டு, நடுவில் சட்டி, பக்கத்தில் கிண்ணம். அவள் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தேன்.

அவள் சட்டியைப் பார்க்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். மஞ்சள் கிண்ணம். உள்ளே ஒரு கால் துண்டு, கொஞ்சம் குழம்பு. ஒரு இலைகூட இல்லை.

இலை தூவும் முன் ஒரு கிண்ணம் எடுத்து வைப்பது இந்த வீட்டு வழக்கம். எங்கள் வாலுப் பெண்ணுக்குக் கொத்தமல்லி ஆகாது. சோப்பைக் கடித்த மாதிரி இருக்கிறதாம். ஒரு இலை தெரிந்தாலும் தட்டைத் தள்ளிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவளுக்குப் பல் முளைத்ததிலிருந்து எடுத்து வைக்கிறோம். அம்மாக்காரி மறந்தால் நான் நினைவூட்டுவேன்.

இன்றைக்கும் என் கை தானாக எடுத்து வைத்திருக்கிறது.

வாலு இனி சாப்பிட வரமாட்டாள். அவள் படத்தைப் போன வாரம் கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியவனே நான்தான்.

காரியத்தைக் கெடுத்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டு, கிண்ணத்தை மறைக்கக் கை நீட்டினேன்.

அவள் என் கையைத் தடுத்தாள். கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எல போட்டத நீங்க சாப்பிடுங்க. இது ஆறினா அவளுக்குப் பிடிக்காது."

கால் துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். மென்றாள். அழுதபடியே விழுங்கினாள். மறுபடி பிய்த்தாள்.

இலை இல்லாத கோழியை அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.