ஒச்சப்பன் சொன்ன விலை

ஷெட்டின் தகரக் கதவை அந்த ஆள் உள்பக்கமாகச் சாத்தினான். அவனுடைய இடது கை முழங்கைவரை ஒரு சிவப்புத் துண்டுக்குள் மறைந்திருந்தது. அதற்குள் அரிவாள் இருக்குமோ என்று ஒச்சப்பன் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

ஒச்சப்பன் காரியாபட்டியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். பழைய கார்களுக்கு நியாயமான விலை சொல்வதில் மதுரைவரைக்கும் அவருக்குப் பெயர் உண்டு. ஆனைக்குட்டம் போகும் சாலையில் இருந்த இந்த வீட்டுக்கு அவரை வரவழைத்தது கற்பகவல்லி அம்மாள்.

வந்ததும் அந்த அம்மாள் காரைப் பற்றிப் பேசவில்லை. “சாப்பிட்டீகளா?” என்றுதான் கேட்டார். அப்புறம்தான் ஷெட்டைத் திறந்து காட்டினார்.

“ரெண்டு வருசம் முந்தி எங்க பட்டாசுக் கம்பெனி எரிஞ்சு போச்சு. அந்தக் கவலையிலயே அவுகளும் போயிட்டாக. அவுக ஆசை ஆசையா வச்சிருந்த இந்தக் கார் ஒண்ணுதான் மிச்சம். நல்ல விலை வந்தா விக்கலாம்னு இருக்கேன். அம்புட்டுப் பெறாதுன்னா இங்கனயே கெடக்கட்டும். பாத்துக்கிட்டு இருங்க, காப்பி போட்டுட்டு வாரேன்.”

அவர் வீட்டுக்குள் போன பிறகுதான் இந்த ஆள் உள்ளே நுழைந்தான்.

ஒச்சப்பன் அவனைப் பார்க்காமல் காரின் பக்கம் குனிந்தார். அறுபத்திரண்டில் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர்தான் உட்காரலாம். கம்பிச் சக்கரம், துணிக் கூரை. நூலில் கட்டிய காந்தத்தைக் கதவின் மேல் வைத்தார். பெயிண்டுக்கு அடியில் பட்டி பூசி ஒட்டுப்போட்டிருந்தால் காந்தம் பிடிக்காது. இது ‘டக்’கென்று பிடித்தது.

“எம்புட்டுப் போகும்?” முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“பாத்துக்கிட்டுத்தானய்யா இருக்கேன்.”

“எம்பதாயிரம்னு சொல்லுங்க.”

“என்னது?”

“துருப்புடிச்ச தகரம், பேரீச்சம்பழத்துக்குக்கூட ஆகாதுன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒத்த ரூவா ஏறக் கூடாது.”

ஒச்சப்பனுக்கு விஷயம் விளங்கிப்போயிற்று. இந்த மாதிரித் தரகர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். முதலில் வண்டி ஒன்றுக்கும் உதவாது என்று பேசவைப்பார்கள். அடுத்த வாரமே எடைக்குப் போடும் விலைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

“நேத்து காரியாபட்டிக்கு ஒங்க வீட்டுக்கு வந்தேன், அண்ணாச்சி,” அவன் குரலைத் தாழ்த்தினான். “நீங்க இல்ல. ஒங்க மக ஓவியாதான் தண்ணி மொண்டு குடுத்துச்சு. நல்ல புள்ள.”

காந்தம் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

“வீடு வரைக்கும் எதுக்குப்பா வந்த?”

“இதச் சொல்லத்தான். கூடச் சொல்லிப்புட்டீகன்னா அந்தப் பாவம் ஒங்களச் சும்மா விடாது. ஞாபகம் வச்சுக்கோங்க.”

ஒச்சப்பனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இன்ஜினைப் பார்க்க வேண்டும் என்று சைகை காட்டினார். அவன் பானெட்டை வலது கையால் மட்டுமே தூக்கிப் பிடித்தான். அது ஒரு பக்கமாகச் சரிந்தபோதும் தோளைக் கொடுத்து நிறுத்தினானே தவிர, துண்டுக்குள்ளிருந்த கையை வெளியே எடுக்கவில்லை.

இன்ஜின் நம்பரும் ஆர்.சி. புத்தகத்து நம்பரும் ஒன்றாக இருந்தன. ஒரு பாகம்கூட மாற்றப்படவில்லை. பார்க்கப் பார்க்க ஒச்சப்பனுக்குப் பயம்தான் கூடியது. வண்டி மோசமாக இருந்திருந்தால் பொய் சொல்லாமலே தப்பித்திருக்கலாம்.

‘எம்பதாயிரம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாயங்காலம் மகளோடு உட்கார்ந்து சோறு தின்னலாம். ‘இருக்கன்குடித் தாயே, நான் என்ன செய்ய?’ என்று மனசுக்குள் கேட்டார். பதிலாக, அந்த அம்மாள் ‘சாப்பிட்டீகளா’ என்று கேட்ட குரல்தான் காதில் விழுந்தது. பசியாறினோமா என்று கேட்ட மனுஷியை எப்படி ஏமாற்றுவது?

கதவு திறந்தது. கற்பகவல்லி அம்மாள் தட்டோடு வந்தார். தட்டில் மூன்று டம்ளர் காப்பி இருந்தது.

“இந்த வெக்கையில கதவ ஏன் சாத்தி வச்சிருக்கீக?” என்றவர் ஒச்சப்பனின் முகத்தைப் பார்த்தார். “ஏன் இம்புட்டு வேர்க்குது ஒங்களுக்கு?”

“ஒண்ணுமில்லம்மா.”

“சரி, என்ன பெறும்?”

அந்த ஆள் ஒரு அடி முன்னால் வந்தான். துண்டு அசைந்தது. ஒச்சப்பன் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

“எல்லாமே ஒரிஜினல்ம்மா. நாலு லட்சம் தாராளமாப் பெறும். யாரு என்ன சொன்னாலும் ஒத்த ரூவா கொறைச்சுக் குடுத்துராதீக.”

சொல்லிவிட்டு, விழப்போகும் வெட்டுக்காகக் கழுத்தைச் சுருக்கி நின்றார். ஒன்றும் விழவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தார்.

அந்த ஆள் கார்ச் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். “கெடுத்துட்டீகளே, அண்ணாச்சி! அய்யா ஆசையா வச்சிருந்த கார, அம்மா இனி வித்துருவாகளே!” என்று இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். துண்டு நழுவி மடியில் கிடந்தது. உள்ளே அரிவாளும் இல்லை, கத்தியும் இல்லை. தீயில் வெந்து, ஐந்து விரலும் ஒன்றாக ஒட்டிப்போன கைதான் இருந்தது.

கற்பகவல்லி அம்மாள் ஒரு டம்ளரை எடுத்து அவனுடைய வலது கைப்பக்கமாகப் பார்த்து வைத்தார்.

“பேரீச்சம்பழத்துக்குக்கூட ஆகாதுன்னியே சின்னச்சாமி, ஒன் கை ஆபரேசனுக்குப் போக மிச்சமே வரும்!”