ரிவர்ஸ் விழாத வண்டி

தெருவின் நடுவில் இரண்டு வேன்களும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன.

என் வேனில் என் மகளின் வீட்டுச் சாமான்கள். நாங்கள் ஊருக்குள் வருகிறோம். எதிர் வேனில் அந்த ஊரின் ஒரே மளிகைக் கடை. அது ஊரைவிட்டுப் போகிறது.

கடை என்றால் முழுக் கடை. அலமாரி, தராசு, பெயர்ப்பலகை எல்லாம் பின்னால் ஏறியிருந்தன. முன் இருக்கையில் கடைக்காரம்மா மிட்டாய் ஜாடியை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வண்டி போகிற அகலம்தான் தெரு. இரண்டு பக்கமும் கல் சுவர். மேல் முனையோ முட்டுச்சந்து. யாராவது ஒருவர் பின்னால் போனால்தான் உண்டு. நியாயமாகப் பார்த்தால் நான்தான் போக வேண்டும். தெருவுக்குள் நுழைந்து நூறு அடிகூட ஆகவில்லை.

ஊரில் அறுபது வீடுகள், பத்தொன்பது பேர். மற்ற வீடுகளிலெல்லாம் பூட்டு. பிள்ளைகுட்டியோடு வந்து குடியேறினால் வீடு சும்மா தருகிறார்கள் என்று எங்கேயோ பார்த்துவிட்டு வந்து சொன்னாள் மகள். மாப்பிள்ளை தச்சர். அறுபது வீட்டுக் கதவு ஜன்னல்களும் அவருக்காகத்தான் காத்திருக்கின்றனவாம்.

மூன்று மாதம் தலைகீழாக நின்று பார்த்தேன். அங்கே போய் யாரோடு பேசுவாய், சுவரோடா என்று கேட்டேன். அவள் மசியவில்லை. பிடிவாதம் என்னிடமிருந்து போனது, யாரை நோவது? வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டேதான் வண்டியை ஓட்டினேன்.

கடைக்காரம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"பத்தொன்பது பேருக்கு எத்தனை சோப்புதான் விக்கிறது? நான் என் தம்பி வீட்டுக்குப் போறேன்!"

மகள் அந்த மிட்டாய் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கடை பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பக்கத்தில் இரண்டு பேத்திகளும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பின்னால் சாமான்களோடு இருந்தார்.

"திரும்பிடலாம்ப்பா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

மூன்று மாதமாக இந்த வார்த்தைக்காகத்தான் தவம் கிடந்தேன். ஆனால் அவள் குரல் அவ்வளவு சின்னதாகிப் போய் நான் கேட்டதேயில்லை.

கியரை ரிவர்ஸில் தள்ளினேன். கர்ரென்று ஒரு சத்தம். மறுபடி தள்ளினேன். மறுபடியும் கர்.

ரிவர்ஸ் விழவில்லை என்று எதிர் டிரைவரிடம் கத்தினேன். அவர் தன் மொட்டைத் தலையில் கையை வைத்துக்கொண்டார். அவர் திட்டியதை எழுத்தில் கொண்டுவர முடியாது. திட்டிக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்துப் போய், கிளம்பிய கடை வாசலிலேயே நிறுத்தினார். நான் அவர் வண்டியை ஒட்டியே போய், கடைக்கு எதிர்ச்சாரியில் ஒரு வீடு முன்னதாக இருந்த மகளின் வீட்டு வாசலில் நிறுத்தினேன். இனி நான் வழிவிட்டால்தான் அவர் நகர முடியும். மெக்கானிக் சாயங்காலம் வந்துவிடுவார் என்று சமாதானம் சொன்னேன்.

அதுவரை சும்மா நிற்பானேன் என்று சாமான்களை இறக்க ஆரம்பித்தோம்.

வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீடு. மகளுக்கு முதலில் விளக்குமாறு வேண்டியிருந்தது. கடைக்காரம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஒரு பெட்டியைப் பிரித்துக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு ஆணி போதவில்லை. இன்னொரு பெட்டி. அடுப்புப் பற்றவைக்கத் தீப்பெட்டி இல்லை. தீப்பெட்டியோ எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அதை எடுக்க அலமாரியையே இறக்க வேண்டியதாயிற்று.

இதற்குள் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், "நம்ம ஊர்ல டிராஃபிக் ஜாம்!" என்று வீடு வீடாகத் தட்டிச் சொல்லிவிட்டார். ஊரே திரண்டு வந்தது. கடைக்காரம்மாவைக் கழித்தால் பதினெட்டுப் பேர். வந்தவர்கள் வேடிக்கை பார்த்ததோடு நிற்கவில்லை. தெருவில் கடை விரிந்து கிடந்தால் கை சும்மா இருக்குமா? ஒருவர் பேட்டரி கேட்டார், ஒருவர் நூல்கண்டு கேட்டார். தூங்கி எழுந்த பேத்திகள் மிட்டாய் ஜாடியின் முன்னால் போய் நின்றவர்கள் நின்றவர்கள்தான்.

மூன்று மணிக்குக் கடைக்காரம்மா மகளின் சமையலறைக்குள் இருந்தார். ஒரு டப்பாவைக்கூட ஒழுங்காக அடுக்கத் தெரியவில்லை என்று அவளை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். மகள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்கு மொட்டை டிரைவர் போய்க் கூப்பிட்டார்.

"இன்னைக்கு வேணாம், நாளைக்குப் பாத்துக்கலாம். நீ அந்தத் தராச இறக்கு" என்றார் கடைக்காரம்மா.

நாளைக்குப் போகிறவருக்கு இன்றைக்குத் தராசு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன பைத்தியமா? மாப்பிள்ளை ஏணி போட்டுப் பெயர்ப்பலகையை மாட்டிக்கொடுத்தார். முன்பு கோணலாக இருந்ததாம், இப்போதுதான் நேராகியிருக்கிறது என்றார்கள்.

எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை. அதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன்.

மெக்கானிக் வரவில்லை. இருட்டுவதற்குள் நான் வீடு போய்ச் சேர வேண்டும். காலையில் வேறு லோடு இருக்கிறது. மொட்டை டிரைவரும் காலி வண்டியில் ஏறி ஹாரனை அடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தார். நானும் ஏறி உட்கார்ந்து வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

மகள் ஜன்னலருகே வந்தாள். தலையெல்லாம் ஒட்டடை. அவள் வண்டி ஓட்டப் பழகியதே இந்த வேனில்தான், என் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடம் திட்டு வாங்கி.

கதவில் கையை ஊன்றி என் காதோரம் குனிந்தாள்.

"இந்தத் தடவையாவது கிளட்ச முழுசா மிதிச்சுப் போடுங்கப்பா. விழும்."

விழுந்தது. வாங்கிய நாளிலிருந்து ஒரு நாளும் அது விழாமல் இருந்ததில்லை.