பச்சைப் பொட்டலம்

மின்சாரத்தை மாற்றித் தரும் பல அடுக்குக் கன்வெர்ட்டரில் எல்லா அடுக்கிலும் ஒரே வோல்டேஜ் நிற்க வேண்டும். நான்காவது அடுக்கில் மட்டும் ஏறிக்கொண்டே போனது. கன்வெர்ட்டரை வாங்க வந்தவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

தலைமைப் பொறியாளர் லியாவ் இயந்திரத்தை நிறுத்தினார். அது அடங்கி நடக்க வேண்டுமென்று கன்ட்ரோல் பெட்டிமேல் வைத்திருந்த பச்சைத் தின்பண்டப் பொட்டலத்தைக் காணோம்.

"யாரு எடுத்தது?"

"நான்தான் சார், பசிச்சுது. தின்னுட்டேன்," என்றாள் உதவிப் பொறியாளர் பெய்ஷான்.

"மெஷினுக்கு வெச்சதையா? அறிவிருக்கா? போய்ப் புதுசு வாங்கிட்டு வா!"

வந்தவர்களும் அவளை முறைத்தார்கள். மெஷின் மேல் பச்சைப் பொட்டலம் வைக்கும் வழக்கம் தைவானின் ஷின்ச்சு நகரில் யாருக்குத்தான் தெரியாது?

அவள் வாங்கி வந்து வைத்தாள். மறுபடி ஓட்டினார்கள். நான்காவது அடுக்கும் சமமாக நின்றது.

"பாத்தியா?" என்றார் லியாவ்.

கேன்டீனில் தோழி யாச்சி கேட்டாள். "அதைப் போய் ஏன்டி தின்னே?"

பெய்ஷான் பையிலிருந்து பழைய பொட்டலத்தை எடுத்தாள். பிரிக்கவே இல்லை.

"நாலாவது அடுக்குக்கு சார் காலையில புரோகிராம்ல எழுதின வரியில பிளஸுக்குப் பதிலா மைனஸ். அத்தனை பேர் முன்னாடி சொல்ல முடியுமா? சார் பாத்துத் திருத்தட்டும்னு அந்த வரியைத் திரையில திறந்து வெச்சுட்டு, கடைக்கு மெதுவா நடந்தேன்."