அக்கினி நட்சத்திரத்தில் மழை

"அக்கினி நட்சத்திரத்துல தினமும் மழைன்னு எழுதியிருக்கியே, உனக்குக் கிறுக்கா?" குமாஸ்தா சுருளிவேல் முன் பதிவேட்டை வீசினார் அதிகாரி சுப்புராஜ்.

"தோட்டத்து மழைமானியில தண்ணி கெடக்குதுங்கய்யா. அளந்து எழுதுறேன்."

"வேடசந்தூர் வரைக்கும் ஒரு பொட்டுத் தூறல் இல்ல. இந்தப் பஞ்சத்துல பூச்செடிக்குத் தண்ணி விடக் கூடாதுன்னு எம் பொஞ்சாதிகிட்டயே சொல்லிட்டேன். நாளைக்குள்ள காரணம் தெரியணும். இல்லேன்னா உன் வேலை போயிரும்!"

மறுநாள் விடியுமுன்பே வந்து, அலுவலகத்துக்கும் அதிகாரி வீட்டுக்கும் நடுவிலிருந்த தோட்டத்தில் ஒளிந்து நின்றான் சுருளிவேல். மழைமானியைச் சுற்றியிருந்த கனகாம்பரம் மட்டும் வாடாமல் பூத்திருந்தது.

பத்து மணிக்கு அதிகாரி கூப்பிட்டார். "என்னலே, தெரிஞ்சுதா?"

"மழைதாங்கய்யா. கண்ணால பாத்தேன்."

"மழையா! எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?"

"உங்க வீட்டுப் பக்கமிருந்துங்கய்யா. வளையல் சத்தத்தோட, பூவாளியில வந்துச்சு."