ஏழு வருட ஒப்பந்தம்

"பையனோட அப்பா பேரு என்ன?"

வெறுங்கையோடு ஊரைவிட்டுப் போய், இன்று மூன்று கால்பந்து கிளப்புகளுக்கு முதலாளியாகிவிட்ட துரைராசு, புதிதாகக் கண்டுபிடித்த இளம் ஆட்டக்காரன் அரவிந்தனைப் பற்றிக் கேட்டது அது ஒன்றைத்தான். "குணசேகரன் சார், திருவாரூர்ப் பக்கம்" என்றார் பயிற்சியாளர் முகுந்த். மறுநாள் காலையிலேயே இருவரும் அந்த வீட்டு வாசலில் நின்றார்கள்.

குணசேகரன் துரைராசுவைப் பார்த்ததும் கைகூப்பினார். "உள்ள வாங்க. சின்ன வயசுல பந்து என்னுதுங்கிற திமிரு எனக்கு. 'அடுத்த ஆட்டத்துல சேத்துக்கறேன்'னு சொல்லிச் சொல்லியே உங்களைத் தினமும் வரப்புல நிக்க வச்சேன். மன்னிச்சிடுங்க."

"அட, அதையா இன்னும் நெனச்சிக்கிட்டிருக்கீங்க?" துரைராசு வாய்விட்டுச் சிரித்தார்.

ஏழு வருட ஒப்பந்தம். அதுவரை வேறெந்த அணிக்கும் ஆடக்கூடாது. அரவிந்தன் கையெழுத்துப் போட்டுவிட்டுத் துரைராசுவின் காலில் விழுந்தான். குணசேகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கார் கிளம்பியதும் முகுந்த் கேட்டார். "இந்த மாதிரி பையன் கெடைக்கமாட்டான் சார். எந்த மேட்ச்ல இறக்கலாம்?"

வாசலில் கும்பிட்டு நின்ற குணசேகரனுக்குத் துரைராசுவும் ஜன்னல் வழியே ஒரு கும்பிடு போட்டார்.

"அடுத்த ஆட்டத்துல சேத்துக்கறோம்னு சொல்லுங்க," என்றார். "ஏழு வருசமும் அதையே சொல்லுங்க."